கறுப்பாக வரவேண்டியது வெள்ளையாக வந்த கதை

போன வாரம்தான் டிஇஎம் (பொருளின் ஊடே எலக்ட்ரான் செலுத்திப் பார்க்கும் நுண்ணோக்கி) படம் கைக்கு வந்தது. ஓரம் கறுப்பு, நடுவில் வெளிறல். உள்ளே காலி! எட்டு மாசப் பாடு. மதுரைப் பக்கம் கல்லூரி லேபில் ஹாலோ கார்பன், அதாவது உள்ளே காலியான நுண்ணிய கரி உருண்டைகள், செய்ய இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சிலிக்கா உருண்டையின்மேல் கரி ஓடு கட்டி, பிறகு உள்ளே இருக்கும் சிலிக்காவைக் கரைத்து எடுப்பதுதான் வழி. கரைக்க ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் பக்கமே போகக்கூடாது என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். நீர்த்த அமிலம் தோலில் பட்டால் உடனே வலிக்காது, எலும்பு வரை இறங்கிவிடும். அதனால் கரைக்க சோடியம் ஹைட்ராக்சைடுதான். உருண்டை செய்ய ஒரே குடுவை முறை: எத்தனால், தண்ணீர், அமோனியாவில் டிஇஓஎஸ் (சிலிக்கா தரும் திரவம்), கொஞ்சம் விட்டு ரிசார்சினாலும் ஃபார்மலினும். 24 மணி நேரம் கலக்கினால் சிலிக்கா உருண்டையும் அதன்மேல் பிசின் ஓடும் வந்துவிடும். இதுவரை சிக்கலே இல்லை.

உலையில்தான் மாட்டினேன். பிசின் கரியாக நைட்ரஜனில் 700 டிகிரி வரை சுட்டு முடித்ததும், சிலிண்டர் தீர்ந்துவிடுமே என்று ஆறும்போது 500 டிகிரியிலேயே கேஸை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். காலையில் பொடி வைத்த பீங்கான் படகை (நீளத் தட்டு) இழுத்தால் கோலப்பொடி மாதிரி வெள்ளை. காற்று புகுந்து கரி மொத்தமும் எரிந்து, சிலிக்கா மட்டும் மிச்சம். மூன்று வார வேலை! லேப் அண்ணன் குழாய் மூட்டில் சோப்புத் தண்ணி தடவிக் காட்டினார், குமிழ் குமிழாக வந்தது. சுடுவதற்கு முன்னாலேயே அதைப் பாருங்கள். 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை கேஸை மூடாதீர்கள்.

சிலிக்காவைக் கரைக்க 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு, 80 டிகிரி, ஓர் இரவு. பிளாஸ்டிக் பாட்டிலில் வையுங்கள், கண்ணாடியையும் அது அரிக்கும். முழுக்கக் கரைந்ததா என்று பார்க்க அந்த வெள்ளைப் பொடிதான் வழி காட்டியது: கழுவிக் காயவைத்த பொடியில் ஒரு சிட்டிகையைக் காற்றிலேயே எரித்துப் பார்த்தேன். வெள்ளை மிஞ்சினால் சிலிக்கா இன்னும் இருக்கிறது, மறுபடி ஊறப்போடணும். இரண்டாவது இரவுக்குப் பிறகுதான் எதுவும் மிஞ்சவில்லை.

டிஇஎம்முக்கு மாட்டுத்தாவணியில் இரவு பஸ் ஏறி சென்னை போனால், படிவத்தில் துறை முத்திரை இல்லையாம், சாம்பிளைத் தொடவே மாட்டேன் என்றார் கவுன்டர்காரர். கையெழுத்து இருக்கிறதே என்று எவ்வளவோ கேட்டேன். அன்று ராத்திரியே திரும்பினேன். போகும் முன் போன் போட்டு எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். செலவு குறைவு என்று எஸ்இஎம் (மேற்பரப்பை மட்டும் காட்டும் எலக்ட்ரான் நுண்ணோக்கி) மட்டும் எடுத்து நிறுத்திவிடவும் வேண்டாம், உள்ளே காலியோ இல்லையோ, உடையாத உருண்டை வெளியே ஒரே மாதிரிதான் தெரியும்.

மேடம் படத்தைப் பெரிதாக்கி, ஓரத்தில் உடைந்து கிடந்த ஒரே ஒரு உருண்டையைத் தொட்டுக் காட்டினார்: "சிரட்டை மாதிரியே இருக்கு பாருப்பா."