நாலு பேர் இல்லைங்க, 269 பேர்

"நாலு போலீஸ்காரர் தப்பு செய்தால் மொத்தத் துறையையும் குறை சொல்லலாமா?" என்று எங்கள் மாமா அடிக்கடி கேட்பார். நான் சொல்வது ஒன்றுதான்: வாச்சாத்தியைப் பாருங்க மாமா, அங்கே குற்றம்சாட்டப்பட்டவர்கள் 269 பேர், எல்லாரும் அரசு ஊழியர்கள்.

1992 ஜூன் 20. கடத்தல் சந்தனக்கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து அரூர் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் மலைவாழ் மக்கள் வாழும் அந்த ஊருக்குள் புகுந்தன. வீடுகளை உடைத்தார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், 18 பெண்களை வல்லுறவு செய்தார்கள், அப்புறம் பாதிக்கப்பட்ட பெண்களையே கைது செய்து சேலம் சிறையில் அடைத்தார்கள். கட்டையைத் தேட வந்தவர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

அரசு மழுப்பியது. மலைவாழ் மக்கள் சங்கம் விடவில்லை. உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் சிபிஐ வந்தது. 2011இல் தர்மபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மீதி 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள், அதாவது தண்டனையே இல்லை. 2023 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னது, அதில் பாதியை வல்லுறவுக் குற்றவாளிகளிடமே வசூலிக்க வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது, அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னதுதான். வழக்கமாக ஏட்டு, வனக்காவலர் மட்டும்தானே மாட்டுவார்கள்?