தேயிலையின் அடிமரம்

இருபதாவது வளைவு தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. முன்னால் போகும் நண்பனின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு மொத்தம் 40 கொண்டை ஊசி வளைவுகள்.

மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தோரம் பைக்குகளை நிறுத்தினோம். எல்லோரும் படம் எடுக்க, நான் குனிந்து ஒரு செடியின் அடியைப் பார்த்தேன்.

இடுப்பளவுச் செடிக்கு மரத்தின் தண்டு. முறுக்கேறி, பாசி படிந்து, என் முழங்கைப் பருமன்.

தேயிலையை விட்டால் மரமாகவே வளரும். கொழுந்து கைக்கு எட்ட வேண்டுமென்று கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, கவாத்து செய்து குட்டையாகவே வைத்திருக்கிறார்கள். நாம் ரசிக்கும் அந்தச் சமமான பச்சை முழுக்க மனிதர்களின் உழைப்பு. அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று பார்த்த வேலை.

கொழுந்து மூட்டையோடு ஏறிவந்த அக்கா, "இருட்டுறதுக்குள்ள போயிடுங்க தம்பி, யானை வரும்" என்றார்.

அவர் நடந்துதான் வீட்டுக்குப் போக வேண்டும்.