டாட் காம் வாங்கினால் பெயர் நமதாகிவிடுமா?

வலைத்தளம் வடிவமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. "டொமைன் வாங்கியாச்சு, இனி அந்தப் பெயரை யாரும் தொட முடியாதுதானே?" என்று கேட்காத வாடிக்கையாளர் குறைவு. டொமைன் விற்பவர் பார்ப்பது அந்த முகவரி காலியாக இருக்கிறதா என்பதை மட்டுமே. அதே பெயரில் வேறொருவர் பல வருடமாகத் தொழில் செய்கிறாரா என்பது அவர் கவலையே இல்லை.

டிரேட்மார்க், அதாவது ஒரு பொருளையோ சேவையையோ யாருடையது என்று காட்டும் வணிகக் குறி, வேறு விவகாரம். ஒருவர் தன் டொமைனையே டிரேட்மார்க்காகப் பதியப் போகிறேன் என்று விசிட்டிங் கார்டைச் சான்றாக எடுத்து வைத்தார். மேலே நிறுவனத்தின் பெயர் வேறாக இருந்தது. அடியில் போன் நம்பர், மின்னஞ்சல், அதற்கும் கீழே பொடி எழுத்தில் டொமைன். இது வெறும் விலாசம். அதே டொமைன் தளத்தின் உச்சியில் பெரிதாக, தரும் சேவையை ஒட்டி நின்றால்தான் வணிகப் பெயராகப் பேசும். தளத்தின் தலைப்பையே மாற்றிக் கொடுத்தேன்.

பொதுச் சொல்லோடு டாட் காம் சேர்த்தால் டிரேட்மார்க் கிடைக்குமா? 'ஹோட்டல்ஸ்.காம்' 2009-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. 'புக்கிங்.காம்' 2020-ல் அங்கே உச்ச நீதிமன்றத்தில் 8-1 என்று ஜெயித்தது. கருத்துக்கணிப்பில் ஏறக்குறைய 75 சதவீதம் பேர் அதை ஒரு பிராண்டாகவே அடையாளம் கண்டிருந்தார்கள். மக்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்பதே முக்கியம் என்றார் நீதிபதி கின்ஸ்பர்க். மறுத்து எழுதியவர் பிரேயர் ஒருவர்தான். முகவரியே உலகத்துக்கு ஒன்றுதான் இருக்க முடியும், அந்தச் சாதகம் போதாதா என்பது அவர் கேள்வி. எனக்கென்னவோ அவர் பக்கம்தான் நியாயம் படுகிறது. ஜெயித்தவர்களே தங்கள் டிரேட்மார்க் வலுவற்றது என்று ஒப்புக்கொண்டார்கள். 'புக்கிங்' என்ற சொல்லைப் போட்டியாளர் பயன்படுத்துவதை அதை வைத்துத் தடுக்க முடியாது.

இன்னொரு சிக்கல். டிரேட்மார்க்கில் பொருள், சேவை வாரியாக 45 வகுப்புகள் உண்டு. ஒரே பெயரை சோப்புக்கு ஒருவரும் மென்பொருளுக்கு ஒருவரும் வைத்துக்கொள்ளலாம். டாட் காம் ஒன்றுதானே? முதலில் வாங்கியவருக்கே. டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்புக்கு, டொமைன் தகராறுகளைத் தீர்க்க 1999-லிருந்து யூடிஆர்பி என்ற நடைமுறை இருக்கிறது, ஆனால் டொமைனை வைத்திருப்பவருக்கு அந்தப் பெயரில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிந்தார், பயன்படுத்துகிறார் என்றெல்லாம் காட்டினால்தான் டொமைன் கைமாறும். நேர்மையான சோப்புக்காரரிடம் அது பலிக்காது. விலை பேசுங்கள், இல்லாவிட்டால் வேறு பெயர் தேடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.