பாறை விளிம்புக்கு ஒரு ரீல்: டிராக் ஒருவழியாகப் படிந்தது

சூட்கேஸ் தராசு நேற்று ராத்திரி காட்டிய கணக்கு: மீன்பிடி ரீலின் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பைத் தடுத்துத் தடுத்து விடுகிற பிரேக், அசையத் தொடங்கும்போது 7.1 கிலோ, ஓடிக்கொண்டிருக்கும்போது 6.6. இதே ரீல் கைக்கு வந்த புதிதில் 8.4-க்கும் 6.5-க்கும் தாவிக்கொண்டிருந்தது. அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் கொண்டுவரத்தான் இவ்வளவு பாடு. கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திட்டம் குவோபா. மேற்கு ஆஸ்திரேலியாவில் கார்னார்வனுக்கு வடக்கே, இந்தியப் பெருங்கடலை நேருக்கு நேர் பார்க்கும் பாறைக்கரை. பெர்த் வரை விமானம், அப்புறம் வண்டி, கார்னார்வன் வரைக்குமே சுமார் 900 கிலோமீட்டர். படகே இல்லாமல் விளிம்பில் நின்று தெங்கிரியும் (வஞ்சிரம் வகை) ஜிடியும் (பெரிய பாரை) அடிக்கிற இடம். நம் ஊரில் இதற்குப் பழக இடமே கிடையாது. சிங்கப்பூர்ப் பெருநிலத்தில் நாம் போய்ப் பார்க்கக்கூடிய கடலோரப் பாறைச் செங்குத்து லாப்ரடாரில் மட்டும்தான் இருக்கிறது, அதுவும் இயற்கைப் பாதுகாப்புப் பகுதி. பிடோக் ஜெட்டியில் பின்னால் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். 100 கிராம் பாப்பரை, அதாவது நீர்மேல் துள்ளும் போலி இரையை, தலைக்கு மேல் சுழற்றினால் அடி விழும்.

ரீல் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் முதலில் காட்டுவது பெட்டியில் அச்சடித்த அதிகபட்ச டிராக்கைத்தான். 20 கிலோ, 25 கிலோ என்பார்கள். ஈரப் பாறையில் நிற்கிற ஆளுக்கு அது எதற்கு? பத்து கிலோவுக்கு மேல் யாராவது உங்களைக் கடல் பக்கம் இழுத்தால், மீன் நிற்பதற்குள் நீங்கள் நகர்ந்துவிடுவீர்கள். நான் போடப்போவது 50 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), அதாவது 22 கிலோ சொச்சம் தாங்கும். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கீழே, 7 கிலோவை ஒட்டி டிராக் வைத்தால் போதும். அந்த 7 கிலோ வழுவழுவென்று வருகிறதா என்பதுதான் கேள்வி. அதைப் பெட்டியில் யாரும் அச்சடிப்பதில்லை.

தண்ணீர் புகாத சீல் இன்னொரு பெரிய விஷயம். பென் நிறுவனத்தின் ஸ்பின்ஃபிஷர் ஆறு என்ற ரீலில் ஐபிஎக்ஸ் 5, ஸ்லாமர் நான்கில் ஐபிஎக்ஸ் 6. ஐபிஎக்ஸ் என்பது தண்ணீரைத் தாங்கும் தர எண். ஐந்து என்றால் நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீய்ச்சலைத் தாங்க வேண்டும், ஆறு என்றால் 100 லிட்டர். பாறையில் மோதித் தெறிக்கிற அலைக்கு ஆறுதான் சரி. ஆனால் ஆறும்கூட பீய்ச்சலுக்குத்தான், தண்ணீரில் முக்கி எடுப்பதற்கு இல்லை, அது ஏழு. டைவாவின் சால்டிகா பார்த்தேன். அதில் மேக்சீல், அதாவது காந்த எண்ணெய் அடைப்பு, உள்ள இடத்தில் நாமே எண்ணெய் விடக்கூடாது. நானோ எதையும் திறந்து பார்க்காமல் தூங்க மாட்டாத ஆள். ஷிமானோவின் ஸ்டெல்லா? அந்த விலைக்கு வாங்கிப் பாறைமேல் வைக்க மனசு வராது.

வேகமும் பார்க்க வேண்டும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நரம்பு வரும் என்பதை நாமே போட்டுப் பார்க்கலாம்: ஸ்பூல் (நரம்பு சுற்றும் உருளை) விட்டம் 68 மில்லிமீட்டர், கியர் 6-க்கு 1 என்றால் 3.14ஐயும் சேர்த்துப் பெருக்கி சுமார் 128 சென்டிமீட்டர். விளிம்புக்குக் கீழே வந்த மீன் பாறைக்கு அடியில் நுழையப் பார்க்கும்போது இந்த வேகம் உதவும். ஆனால் வேகக் கியரில் பாரத்தோடு சுற்றினால் முழங்கை கழன்றுவிடும். எனக்கு ஜிடியைவிடத் தெங்கிரி முக்கியம் என்பதால் வேகத்தையே எடுத்தேன்.

கடைசியில் கரோசல் என்கிற விற்பனைச் செயலியில் ஒரு 14000 அளவு ரீல், பழசு. எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அதைப் பற்றியே போகும். ஓட்டம் நன்றாக இருந்தது, டிராக்தான் முரண்டு பிடித்தது.

சோதனை எங்கள் புளோக்கின் வாய்ட் டெக்கில், அதாவது கீழ்த்தளத் திறந்தவெளியில். நரம்பை ராடின் வளையங்கள் வழியாகவே விட்டு, ராடை 45 பாகையில் பிடித்தேன். நேராக ரீலிலிருந்து இழுத்துப் பார்க்கிறவர்கள் வளையத்து உராய்வைக் கணக்கில் விட்டுவிடுகிறார்கள். மச்சான் தராசோடு மெதுவாக நடந்தான், பிறகு வெடுக்கென்று இழுத்தான். எதிர்ப்பட்ட அண்டைவீட்டு அக்கா, "துணி காயப்போடவா தம்பி?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெடுக்கென்று இழுக்கும்போதுதான் 8.4 வந்தது. டிராக்குக்குள் நிற்கிற வட்டு அசைய எடுக்கும் உராய்வு, ஓடுகிற வட்டின் உராய்வைவிடக் கூடுதல். தெங்கிரி அடிக்கிற அடி இந்த முதல் நொடியில்தான் விழும். முடிச்சும் அப்போதுதான் போகும்.

பிரித்துப் பார்த்தால் அந்த வட்டுகளான கார்பன் வாஷர்கள் எலும்பாகக் காய்ந்து கிடந்தன. டிராக்குக்கென்றே விற்கிற கால்ஸ் கிரீஸை விரலில் தொட்டு மெலிதாகத் தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்தெடுத்தேன். 7.6-க்கு இறங்கியது, அதற்கு மேல் அசையவில்லை. உண்மையான குற்றவாளி உலோக வாஷர். கண்ணாடித் துண்டின்மேல் வைத்து விரலால் தட்டினால், காது வைத்த வாஷர்களில் ஒன்று டக் டக்கென்று ஆடியது. மயிரிழை வளைவு. கண்ணாடிமேல் 2000 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, எட்டுப் போடுவதுபோல் தேய்த்துத் தேய்த்து அதைச் சமமாக்கினேன். வேகமாகத் தேய்த்தால் ஒரு பக்கம் மட்டும் கரையும், அதனால் அடிக்கடி கால்வட்டம் திருப்ப வேண்டும். திரும்ப அடுக்கி, லேசான பாரத்தில் நிறைய இழுத்துப் படியவைத்த பிறகு வந்ததுதான் மேலே சொன்ன 7.1.

ஒன்று மறக்க வேண்டாம்: நரம்பு வெளியே போகப் போக டிராக் தானாக ஏறும். 68 மில்லிமீட்டரில் 7 கிலோ வைத்தால், ஸ்பூல் 54-க்கு இளைக்கும்போது அதே டிராக் 8.8 கிலோ. நீளமான நரம்பைத் தண்ணீர் இழுப்பது தனி. மீன் ஓடுகிறதே என்று பதறி இறுக்கக் கூடாது, தளர்த்த வேண்டும். படகாக இருந்தால் பின்னால் விரட்டலாம், பாறையில் அது நடக்காது. 300 மீட்டராவது கொள்கிற ஸ்பூலைத் தேடியதும் அதனால்தான்.

வாஷர் செட் ஒன்று உபரியாக வெளிநாட்டிலிருந்து சொல்லியிருக்கிறேன். சின்னப் பார்சல் என்று நினைக்க வேண்டாம், 2023-லிருந்து 400 வெள்ளிக்குக் குறைந்த இறக்குமதிக்கும் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. இங்கேயே ஒரு கடையில் கேட்டதற்கு, "புது ரீலே வாங்கிடு" என்றார்கள். இருக்கட்டும்.

கயிற்று கேஃப், அதாவது மீனைக் கொக்கி போட்டு மேலே இழுக்கிற கயிறு, இன்னும் தயாராகவில்லை. தண்ணீருக்குள் மீனின் எடை தெரியாது, வெளியே தூக்கினால் முழு எடையும் நரம்பில். ரீலால் மேலே தூக்குவது பைத்தியக்காரத்தனம். மூன்று முள் கொக்கி, அடியில் ஈயம், 15 மீட்டர் கயிறு. கொக்கியை வெல்டிங் பண்ணித் தருகிற ஆள் யாராவது உபியிலோ காக்கி புக்கிட்டிலோ இருந்தால் சொல்லுங்கள். உயிர்காப்பு மேலாடை வாங்கியாகிவிட்டது. ராட்சத அலை கொல்லும் என்று குவோபாவில் பலகையே நட்டு வைத்திருக்கிறார்கள்.

பிரெய்டு இன்னும் சுற்றவில்லை. ஈரத் துணியில் அழுத்திப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற இரண்டு ஆள் வேண்டும். மச்சான் ரிசர்விஸ்ட் ராணுவப் பயிற்சி முடிந்து வரட்டும்.