சம்பூரிலிருந்து மேசன் பரீட்சைக்கு

பதினேழு வயதில் மாமாவுக்குக் கையாளாகப் போய்ச் சாந்து குழைக்கத் தொடங்கியவன் நான். 27 வருடம் கழித்து, 2023இல், மேசன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில், "உங்களுக்கு மேசன் வேலை தெரியும் என்பதற்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார். அவர் கேட்டதில் பிழை இல்லை. என் கையில் ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை.

திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். கை நல்ல கை, ஆனால் கடதாசி இல்லை. அவர்களில் யாராவது இந்த வழியில் போக நினைத்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அதற்கு முதல் வருடம் ஒரு பாடசாலை மதில் வேலை செய்தோம். கொந்தராத்து எடுத்தவர் வேறொருவர். ஒப்பந்தகாரர் பதிவு அவரிடம் இருந்தது. அத்திவாரம் வெட்டியதிலிருந்து கடைசிப் பூச்சு வரைக்கும் என் ஆட்கள். கூலியை ஒழுங்காகத் தந்தார், அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அடுத்த வேலைக்கு விலைமனு போடும்போது அந்த மதில் அவருடைய அனுபவமாகத்தான் கணக்கில் வரும். இதை ஒரு நாள் இரவு சாப்பிடும்போது சொன்னேன். "அப்ப நீங்களும் பதியுங்களேன்" என்றாள் மனைவி. அங்கே தொடங்கியது.

முதலில் எனக்கு இரண்டு விடயமும் குழம்பிக் கிடந்தன. ஒப்பந்தகாரராகப் பதிவது ஒன்று, மேசனாகச் சான்றிதழ் எடுப்பது இன்னொன்று. முன்பு இக்டாட் என்று சொன்ன நிறுவனத்தின் இடத்தில் 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை வந்தது. 'சிடா' என்றால்தான் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். ஒப்பந்தகாரர்களைப் பதிந்து, சி1, சி2 என்று தரம் பிரிப்பது அவர்கள்தான். அடியில் இருப்பது சி9. எவ்வளவு பெறுமதியான வேலையை எடுக்கலாம் என்பது தரத்தைப் பொறுத்தது. அதற்கு அவர்கள் பார்ப்பது வியாபாரப் பதிவு, வங்கிக் கணக்கின் பலம், உபகரணம், தொழில்நுட்பம் படித்த ஆள், முடித்துக் கொடுத்த வேலைகள். வாங்கில் இருந்து எழுதும் பரீட்சை அந்தப் பக்கம் இல்லை. பரீட்சை இருப்பது மற்றப் பக்கத்தில், என்.வி.கியூ. என்கிற தேசிய தொழில் தகைமையில். எனக்கு இரண்டும் வேண்டும் என்று பட்டது. முதலில் என் கையை நான் நிரூபிக்க வேண்டும், அப்புறம் கொந்தராத்தைப் பார்க்கலாம்.

என்.வி.கியூ. ஏழு மட்டம். 1 முதல் 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். மேற்பார்வை இல்லாமல் தனியாக ஒரு வேலையைப் பொறுப்பெடுத்து முடிக்கும் தொழிலாளிக்கு உரியது மட்டம் 4. வகுப்புக்குப் போகாமல், வேலையிலேயே பழகியவர்களுக்கு ஆர்.பி.எல். என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முன்பு கற்றதை அங்கீகரிப்பது என்று அர்த்தம். நைட்டா, தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற அரசாங்கப் பயிற்சி நிறுவனங்களின் ஊடாக விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டாளர் வந்து பார்ப்பார், சான்றிதழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பெயரில் வரும்.

சரி, ஆதாரத்துக்கு வருகிறேன். என்னை ஆகக் கூடுதலாக அலைய வைத்தது அதுதான்.

ஒரு கோவை தயாரிக்கச் சொன்னார்கள். செய்த வேலைகளின் விபரம், படங்கள், வேலை தந்தவர்களின் கடிதங்கள். எனக்கு ஊர் சம்பூர். 2006இல் சண்டையில் ஊரே எழும்பி ஓடியது. கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் வருடக்கணக்கில் இருந்தோம். அதற்கு முதல் நான் கட்டிய வீடுகள் பலவற்றுக்குத் திரும்பி வந்தபோது அத்திவாரம் மட்டும் மிச்சம் இருந்தது. சிலதற்கு அதுவும் இல்லை. பற்றுச்சீட்டு, கணக்குக் கொப்பி எல்லாம் ஓடும்போது விட்டவை. ஆக, முதல் பத்து வருடத்துக்குக் காட்ட என் கையில் எதுவும் இல்லை. அந்தப் பத்து வருடத்தில்தான் நான் வேலை பழகினேன்.

அதற்குப் பிறகானவற்றுக்கு ஏதோ இருந்தது. மனைவி ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே ஆறு சம்பளக் கொப்பிகள். எந்த நாளில் எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு எவ்வளவு கூலி, எத்தனை பை சீமெந்து, எல்லாம் அவளுடைய எழுத்தில். கையாட்களுக்குக் கணக்குப் பிழைக்கக் கூடாது என்று அவள் எழுதி வந்தது. கோவையைச் சரிபார்த்த உத்தியோகத்தர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுகளையும் போட்டோப் பிரதி எடுத்து வையுங்கோ, நல்ல ஆதாரம்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

கடிதங்களுக்கு வீடு வீடாகப் போனேன். மூதூரில் சுனாமிக்குப் பிறகு, 2005இல், நான் வேலை செய்த வீட்டுத்திட்டத்தில் ஒரு அக்கா இன்னும் இருக்கிறார். விடயத்தைச் சொன்னதும் பேனாவை எடுத்துக்கொண்டு, "தம்பி, சுவரில ஒரு வெடிப்பும் இல்லை, அதையும் எழுதட்டா?" என்று கேட்டார். எழுதச் சொன்னேன். கிராம உத்தியோகத்தரிடம் போய் உறுதிப்படுத்தினேன். முடிந்த வீட்டுக்கு முன்னால் நின்று எடுத்த படத்தை விட, வேலை நடக்கும்போது எடுத்த படத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது அப்போதுதான் விளங்கியது. பூசி, வர்ணம் அடித்த சுவருக்குள் என்ன இருக்கிறது என்று படத்தில் தெரியாதே.

விபரத்தாள் முதலில் சிங்களத்தில்தான் கிடைத்தது. தமிழில் கேட்டேன், இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். சம்பூரிலிருந்து திருகோணமலை டவுனுக்கு ஒரு நாள் போய் வந்தால் அன்றைய கூலி இல்லை. இறால்குழி, கங்கை, கிண்ணியா என்று முன்பு பாதை என்கிற மிதவையில் ஏற்றிக் கடந்த இடங்களுக்கெல்லாம் இப்போது பாலம் இருப்பதால் மோட்டார் சைக்கிளில் போய் வர முடிகிறது. இல்லாவிட்டால் அந்த இரண்டாவது தடவையோடு விட்டிருப்பேன். தமிழ்த் தாள் வந்தபோது அதிலும் ஒரு தடை. 'வலுவூட்டப்பட்ட கொங்கிரீட்' என்று இருந்தது. நாங்கள் கம்பி போட்ட கொங்கிரீட் என்போம். 'பதப்படுத்தல்' என்று இருந்தது. நாங்கள் நனைக்கிறது என்போம். வேலை தெரியும், வேலையின் பெயர் தெரியாது. மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளை வைத்து ஒரு கொப்பியில் ஒரு பக்கம் தாளில் உள்ள சொல், மறுபக்கம் எங்கள் சொல் என்று எழுதிக்கொண்டேன். பரீட்சைக்குப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கொப்பியைத்தான்.

அளவு அடுத்த பிரச்சினை. எனக்கு அடியும் அங்குலமும்தான் கண்ணில் தெரியும். அங்கே எல்லாம் மில்லிமீற்றர். 25ஆல் பெருக்கிப் பெருக்கி ஒரு மாதம் பழகினேன். பூச்சு அரை அங்குலம் என்றால் 12, 13 மில்லிமீற்றர். கல்லுக்கு இடையில் சாந்து 10. போகப் போக மில்லிமீற்றரில் யோசிக்க வந்தது.

இன்னொரு குறையும் என்னிடம் இருந்தது. எங்கள் பக்கம் கட்டுவதெல்லாம் சீமெந்துக் கல். செங்கல்லில் ஒன்பது அங்குலச் சுவர் கடைசியாகக் கட்டிப் பல வருடம் ஆகிவிட்டது. இங்கிலிஷ் பொண்ட் என்கிற செங்கல் அடுக்கு முறையைக் கேட்டால் மூலையில் திணறுவேன் என்று பயம் வந்தது. கிண்ணியாவில் பழைய மேசன் ஒரு நானா இருக்கிறார், என்னை விடப் பதினைந்து வயது மூப்பு. அவருடைய வளவில் கொஞ்சம் பழைய செங்கல் கிடந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை போய், சீமெந்து போடாமல் சேற்றுச் சாந்தில் கட்டிக் கட்டிப் பிரித்தோம். ஒரு வரி நீட்டுக்கல், அடுத்த வரி குறுக்குக்கல். குறுக்குக்கல் வரியில் மூலைக்கல்லுக்குப் பக்கத்தில் நெடுக்காக இரண்டாகப் பிளந்த துண்டு ஒன்று வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மேல் மூட்டும் கீழ் மூட்டும் ஒரே நேரில் வந்துவிடும், சுவர் வெடிக்கும் இடம் அது. "மூலையைப் பிடிச்சிட்டா மற்றது தானா வரும் தம்பி" என்று நானா சொல்லிக்கொண்டே இருந்தார். காசு எடுக்கவில்லை. தேத்தண்ணியும் அவர்தான் தந்தார்.

மதிப்பீட்டு நாளில் ஒன்பது பேர் இருந்தோம். எல்லோருக்கும் தலைக்கவசமும் சப்பாத்தும் கட்டாயம். நான் வாழ்க்கையில் செருப்போடுதான் சுவர் கட்டியிருக்கிறேன். முதல் நாள் டவுனில் வாங்கிய சப்பாத்துக் கடித்தது. ஆனாலும் கல் ஒன்று காலில் விழுந்து விரல் போன கையாள் ஒருவனை எனக்குத் தெரியும்; சப்பாத்தைப் பற்றி நான் குறை சொல்லப் போவதில்லை.

முதல் வேலை அடையாளமிடுதல். 3 மீற்றருக்கு 2.4 மீற்றர் அறை ஒன்றுக்குக் கட்டை அடித்து நூல் கட்டச் சொன்னார்கள். மூலையை 3-4-5 முறையில் (ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4, குறுக்கே 5) நேராக்கினேன், அது மாமா படிப்பித்தது. மதிப்பீட்டாளர் சேர் வந்து, "மூலை சரி என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றார். இரண்டு மூலைவிட்டத்தையும் அளந்து காட்டினேன். ஒன்று 3,842 மில்லிமீற்றர், மற்றது 3,854. பன்னிரண்டு வித்தியாசம். கை நடுங்கியது. ஒரு கட்டையைக் கொஞ்சம் தள்ளி அடித்து, திருப்பி அளந்து, இரண்டும் ஒன்றான பிறகுதான் எழும்பினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, எழுதிக்கொண்டார். பிழை விட்டதற்காக விழுத்துவார் என்று நினைத்தேன். பின்னேரம் சொன்னார், பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிறாரா என்பதைத்தான் பார்த்தாராம்.

பிறகு செங்கல் மூலை. நானாவின் வளவில் பழகியதுதான் வந்தது. தூக்குக்குண்டு பிடித்தேன், நீர்மட்டம் வைத்தேன், குறை இல்லை. பூச்சு வேலை பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அது என் அன்றாட வேலை.

வாய்மொழிக் கேள்விகளில்தான் வேர்த்தது. ஒன்று கணக்கு. 20 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள சுவர். ஒரு கதவு 3க்கு 7, ஒரு யன்னல் 4க்கு 4. மூட்டோடு சேர்த்து 16க்கு 8 அங்குலக் கல் எத்தனை வேண்டும்? நான் வழமையாக ஒரு பார்வை பார்த்து "இருநூறு கல் இறக்குங்கோ" என்பேன். இப்போது வழி காட்ட வேண்டும். 200இல் 21ஐயும் 16ஐயும் கழித்தால் 163 சதுர அடி. 100 சதுர அடிக்கு 112 அரைக் கல். ஆக 184, சேதத்துக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்தால் 193. என் கண் பார்வை பெரிதாகப் பிழைக்கவில்லை என்பது சந்தோசம். ஆனால் பத்து வீடு சேர்ந்தால் அந்த ஏழு கல்லும் காசுதான்.

அடுத்தது, கடல் மணலை ஏன் கொங்கிரீட்டுக்குப் போடக் கூடாது என்று கேட்டார். உப்பு, கம்பி கறள் பிடிக்கும் என்றேன். "கறள் பிடித்தால் என்ன?" என்று விடாமல் கேட்டார். நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டில் நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன்: கறள் ஏறிய கம்பி ஊதும், ஊதினால் கொங்கிரீட்டை உள்ளிருந்து தள்ளும், தட்டின் அடிப்பக்கம் பாளம் பாளமாகக் கழன்று விழும். தலையை ஆட்டினார். ஆற்று மணலில் சேறு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? போத்தலில் மணலும் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தால் மணல் கீழே போகும், சேறு அதன் மேல் தனிப் படையாக நிற்கும். அந்தப் படையின் தடிப்பைப் பார்க்க வேண்டும். இது தெரியும். கொங்கிரீட்டின் இளக்கம் பார்க்கும் கூம்பைப் பற்றிக் கேட்டபோதுதான் தடுமாறினேன். பெரிய வேலைத்தளங்களில் பார்த்திருக்கிறேன், செய்ததில்லை. 300 மில்லிமீற்றர் உயரம், மூன்று படையாகப் போட்டு ஒவ்வொரு படைக்கும் 25 குத்து என்பது மகளோடு படித்ததில் நினைவு இருந்தது. மிச்சத்தைத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அங்கே புள்ளி போடுவதில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் தேர்ச்சி உண்டு, அல்லது இன்னும் தேர்ச்சி இல்லை, அவ்வளவுதான். எங்களில் இருவருக்குச் சில பகுதிகள் 'இன்னும் இல்லை' என்று வந்தன. அவர்கள் முழுவதையும் திருப்பிச் செய்யத் தேவையில்லை, அந்தப் பகுதிகளுக்கு மட்டும் திரும்ப வரலாம். ஒருவர் மனம் உடைந்து போனார். மிக நல்ல மேசன். கேள்விக்கு வாய் திறக்கவில்லை, அதுதான் காரணம். என் சொல் கொப்பியை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்கு மட்டம் 4 கிடைத்தது. சான்றிதழ் கைக்கு வர மாதங்கள் ஆகின.

ஒப்பந்தகாரர் பதிவு இன்னும் முடியவில்லை. வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்தாகிவிட்டது. கூலி, சாமான் எல்லாம் இப்போது வங்கிக் கணக்கால்தான் போய் வருகிறது. கையில் வாங்கிக் கையில் கொடுத்த காலத்தில் எனக்கு வங்கியில் ஒரு வரலாறும் இருக்கவில்லை. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ஒரு தம்பி என்னோடு சேரச் சம்மதித்திருக்கிறார். ஒரு வேலை முடிந்தால் முடித்ததற்கான கடிதத்தை அன்றைக்கே கேட்டு வாங்குகிறேன்.

இப்போது மூதூரில் ஒரு வீடு போகிறது. நேற்று அத்திவாரத்துக்குக் கம்பி கட்டி முடித்ததும், கொங்கிரீட் போட முதல், கையாள் தம்பி தானாகவே போனை எடுத்து நாலு மூலையும் படம் பிடித்தான். அளவு நாடாவைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துத்தான் எடுத்தான். அவனுக்கு வயது பத்தொன்பது. படங்களை அவனுடைய பெயரிலும் ஒரு கோவையில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.