ஆத்தங்குடிக் கல்லும் ஐந்தாம் வகுப்பும்

வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் சம்பளம் இல்லாமல் பாடம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்றதும், கம்போடியாவா, நேப்பாளமா என்று கேட்டாள் என் தங்கை. செட்டிநாடு என்றேன். "அது நம்ம ஊருதானேக்கா" என்றாள். மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்திருக்கும் எங்களுக்கு அது வெளிநாடுதான். நான் பிறந்ததும் படித்ததும், ஓய்வு பெறும்வரை தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்ததும் எல்லாம் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கம். தமிழ்நாட்டுக்கு இதற்கு முன் வந்ததெல்லாம் கோயில் பார்க்கவும் சேலை வாங்கவும்தான். அந்த மாதிரிப் பயணத்தில் வகுப்பறைப் பக்கம் எட்டிப் பார்க்க வாய்ப்பே கிடைக்காது.

போக நினைக்கும் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் சிலர் கேட்டதால் விசா விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியச் சுற்றுலா விசாவிலேயே தன்னார்வப் பணி செய்யலாம். ஆனால் சம்பளமோ வேறு எந்தக் கைம்மாறோ வாங்கக் கூடாது, ஒரு மாதத்துக்கு மேலும் போகக் கூடாது. அதற்கு மேல் என்றால் வேறு வகை விசா எடுக்க வேண்டும். நம்மை வீட்டில் தங்கவைப்பவர், நாம் அங்கே தங்கியிருக்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அதற்கான படிவத்தில் இணையத்தில் பதிந்துவிட வேண்டும். சொந்தக்காரர் வீடு என்றாலும் இதுதான் விதி. பலர் இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

நான் போனது காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் உள்ள ஓர் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளி. பள்ளியின் பெயரையும் பிள்ளைகளின் பெயர்களையும் இங்கே எழுதப்போவதில்லை. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்கள் தங்கள் ஊருக்காகத் தொடங்கிய இப்படிப்பட்ட பள்ளிகள் செட்டிநாட்டில் நிறைய உண்டு. தாளாளரின் உறவினர் ஒருவர் பினாங்கில் எனக்குப் பழக்கம். அவர் மூலமாகக் கேட்டு, தலைமையாசிரியை சம்மதித்து, கல்வி அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்த பிறகுதான் டிக்கெட் போட்டேன்.

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். அங்கிருந்து புதுக்கோட்டை வழியாகப் பஸ். திருமயம் கோட்டை தாண்டியதும் செம்மண்ணும் சீமைக்கருவேலமுமாக இருக்கிறது ஊர். எங்கள் பக்கத்து மழைக்குப் பழகிய கண்ணுக்கு அந்த வறட்சி முதலில் உறைத்தது. இந்த மண்ணை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது என்பதால்தானே இவர்கள் கப்பல் ஏறினார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கொண்டுவிற்கப் போவது என்று அதற்குச் சொல்வார்கள்.

எனக்கு இடம் கொடுத்தவர் எண்பது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீடு. பங்காளிகள் சென்னையிலும் கோவையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பது ஆச்சியும் சமைக்கிற அம்மாவும் மட்டும். வந்த அன்றே கவுனி அரிசி இனிப்பு செய்து வைத்திருந்தார். பர்மாவிலிருந்து வந்த அரிசி என்பார்கள். ஒரு வாய் போட்டதும், எங்கள் ஊர் மலாய்க் கடையில் தேங்காய்ப்பால் ஊற்றித் தரும் 'புலுட் ஹித்தாம்' ஞாபகம்தான் வந்தது. அதே கறுப்பு ஒட்டரிசி.

"உங்களுக்கு எந்தூருத் தோட்டம்? எங்க அப்பச்சி தைப்பிங்குல இருந்தாக" என்றார் ஆச்சி.

தைப்பிங் எங்கள் ஊரிலிருந்து காரில் ஒரு மணி நேரம்கூட இல்லை. என் தாத்தா பால் மரம் வெட்டிய, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுத்த, ரப்பர் தோட்டம் ஒரு செட்டியாருடையது என்பதைச் சொன்னேன். மறைக்கவேண்டிய விஷயம் இல்லையே. ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ரெண்டு பக்கமும் வீட்ட விட்டுப் போனவுகதான்" என்றார். அதில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிந்தது, அதையும் அவரிடம் சொன்னேன். கடையில் மேலாளாகப் போனவர் மூன்று வருடக் கணக்கை முடித்து ஊர் திரும்பினார். என் தாத்தா திரும்பவே இல்லை. ஆச்சி கோபித்துக்கொள்ளவில்லை. அதன் பிறகு ராத்திரிப் பலகாரம் முடிந்ததும் தினமும் பட்டாலையில் உட்கார்ந்து பேசினோம்.

இந்த வீடுகளைச் சுற்றிக்காட்டுகிறவர்கள் பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று வரிசையாகச் சொல்வார்கள். மலாயாவின் கித்தாப் பாலை, அதாவது ரப்பர் பாலைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்கவில்லை. வீடுகளைக் கட்டிய காசில்தான் கோயில்களையும் ஊருணிகளையும் பள்ளிக்கூடங்களையும் கட்டினார்கள். அப்படியென்றால் நான் பாடம் எடுக்கப் போன பள்ளிச் சுவரில் என் தாத்தாவின் உழைப்பும் கொஞ்சம் இருக்கிறது. எனக்கு இதுதான் முக்கியம். வசதியான நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்குத் தர்மம் செய்ய வந்தவளாக நான் அங்கே நிற்கவில்லை. எங்கள் வீட்டுப் பணமும் போன இடத்துக்கு வந்திருந்தேன்.

இன்றைக்கு அந்தப் பெரிய வீட்டுப் பிள்ளைகள் யாரும் அங்கே படிப்பதில்லை. ஆத்தங்குடித் தரைக்கல் பட்டறையில் வேலை செய்பவர்கள், பூட்டிய வீடுகளைக் காவல் காப்பவர்கள், பனையோலைக் கூடையான கொட்டான் முடைபவர்கள், காரைக்குடிக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவர்கள், இவர்களுடைய பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். காலையில் எட்டரைக்கு முன்பே வந்துவிடுகிறார்கள். தமிழ்நாடு அரசின் காலை உணவுத் திட்டம் 2022இல் அரசுப் பள்ளிகளில் தொடங்கி, 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்று, கூடவே சாம்பார். வயிறு நிறைந்த பிள்ளைகளின் முதல் பாடவேளை எப்படி இருக்கும் என்பதை ஆசிரியராக இருந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நான் இதைத் தினமும் பார்த்தேன். மலேசியாவிலும் இப்படி எல்லாப் பிள்ளைக்கும் கேள்வி கேட்காமல் ஒரு தட்டு வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியைகள். ஒன்று முதல் மூன்றுவரை சேர்ந்து உட்கார்ந்து 'எண்ணும் எழுத்தும்' முறையில் படிக்கிறார்கள். வயதைப் பார்க்காமல் எந்த அளவுக்குத் தெரியுமோ அதை வைத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருக்கிறார்கள். நாலாவதையும் ஐந்தாவதையும் தலைமையாசிரியையே எடுக்கிறார். பதிவேடு, கைபேசிச் செயலியில் வருகை, கூட்டம் எல்லாமும் அவர் தலையில்தான். நான் கொண்டுபோயிருந்த பாடத் திட்டத்தைப் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "டீச்சர், பாடம் நான் நடத்திக்கிறேன். நீங்க ஒவ்வொரு பிள்ளையா பக்கத்துல உக்கார வச்சு வாசிக்கச் சொல்லிக் கேளுங்க. எனக்குக் கெடைக்காதது அந்த நேரம்தான்" என்றார்.

என் பயணத்தில் கிடைத்த மிகச் சரியான யோசனை அதுதான். வேப்பமரத்தடித் திண்ணையில் பாயைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஒரு பிள்ளை வரும், பத்து நிமிடம் வாசிக்கும், போய் அடுத்த பிள்ளையை அனுப்பும். வாசிப்பதைக் கேட்பது சும்மா இருக்கிற வேலையாகத் தெரியலாம். ஆனால் எந்தப் பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பது அங்கேதான் தெரியும்.

தமிழில் நன்றாக வாசிக்கும் பிள்ளைகள்கூட ஆங்கிலத்தில் ஒரே இடத்தில் சிக்கினார்கள். தமிழில் 'பந்து' என்று வார்த்தையின் தொடக்கத்தில் வந்தாலும், 'அம்பு' என்று மெல்லெழுத்துக்குப் பின் வந்தாலும் எழுத்து ஒன்றுதான். ஒலி எங்கே மாறும் என்பதை இடம் பார்த்து நாம் பழகிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் 'p'யும் 'b'யும் தனித்தனி எழுத்து. இரண்டையும் ஒரே மாதிரி வாசித்துவிட்டு, எழுதும்போது கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறார்கள். எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியில் இந்தச் சிக்கல் குறைவு. முதலாம் ஆண்டிலிருந்தே தமிழோடு மலாயும் ஆங்கிலமும் இருப்பதால், 'பாஜு' (baju, சட்டை), 'பிசாங்' (pisang, வாழைப்பழம்) என்று இரண்டு ஒலியும் சின்ன வயதிலேயே காதில் விழுந்துவிடுகிறது. இங்கே அதைக் கைவைத்துக் காட்ட வேண்டியிருந்தது. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு சொன்னால், 'p'க்குத் தாள் பறக்கும், 'b'க்கு அவ்வளவாக அசையாது. தொண்டையில் விரல் வைத்தால் 'b'க்கு அதிரும், 'p'க்கு அதிராது. இடைவேளை முழுக்கத் தாளை ஊதிக்கொண்டு திரிந்தார்கள்.

வாசிப்பு இப்படிப் போக, பேச்சுதான் வரவில்லை. பாடப்புத்தகத்தில் இருக்கிற பேருந்து நிலைய உரையாடலை ஒப்பிப்பார்கள், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை, ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா ஆத்தங்குடியில் தான் வேலை செய்யும் பட்டறைக்குக் கூட்டிப் போனார். மேசைமேல் சதுரக் கண்ணாடி. அதைச் சுற்றி இரும்புச் சட்டம், அதற்குள் பூ வேலைப்பாடு கொண்ட அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் நிறம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சைத் தூக்கியதும் காய்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவுகிறார். அது ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அதன்மேல் ஈரச் சாந்தைப் போட்டு மட்டம் பண்ணி, கண்ணாடியோடு எடுத்து வைக்கிறார். மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குள் போகும். சில நாள் ஊறி, வெளியே வந்து காய்ந்ததும் கல் தானாகக் கண்ணாடியை விட்டுப் பிரிகிறது. சூளையும் இல்லை, பாலீஷ் இயந்திரமும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லுக்கு வந்துவிடுகிறது. தரையில் பதித்த பிறகு நடக்க நடக்கத்தான் மெருகு ஏறும் என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் பெருமை இருந்தது. சிமெண்டிலேயே கை கிடப்பதால் விரல் நுனி தேய்ந்து வெடித்திருந்தது. அந்தக் கல்லைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் அந்தக் கையையும் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை, கல் செய்வது எப்படி என்று எனக்கு ஆங்கிலத்தில் சொல்லித்தாருங்கள் என்றேன். 'போர்', 'ஸ்ப்ரெட்', 'பிரஸ்', 'லிஃப்ட்', 'சோக்', 'டிரை' என்று ஆறு வினைச்சொற்களை மட்டும் பலகையில் எழுதினேன். முதலில் தயங்கினார்கள். ஒரு பிள்ளை அச்சைத் தூக்கியதும் ஈரச் சாந்தைப் போடச் சொன்னது. உடனே பின்னாலிருந்து, "நோ! டிரை சாண்ட் ஃபர்ஸ்ட்! வெட் சாண்ட் நெக்ஸ்ட்!" என்று ஒரு சத்தம். பட்டறைக்காரர் மகன். "வொய்?" என்று இன்னொரு பெண் கேட்க, "டிரை சாண்ட் டிரிங்க் வாட்டர்" என்றான். இலக்கணம் பிறகு வரட்டும். தனக்குத் தெரிந்த ஒன்றுக்காக ஆங்கிலத்தில் சண்டை போடுகிற பிள்ளைக்கு மொழி வந்துவிடும். என் அனுபவத்தில் இது தவறியதே இல்லை.

அந்தப் பாடத்தைத் தலைமையாசிரியை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவரே கொட்டான் முடைவதை எடுத்தார். பனையோலையை நனைப்பது, கிழிப்பது, சாயம் ஏற்றுவது, பின்னுவது என்று. ஒரு பெண் தன் பாட்டியிடமிருந்து பாதி முடைந்த கொட்டானை வாங்கிவந்து செய்தே காட்டினாள். நான் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். எனக்கு அது என் வகுப்பைவிட நன்றாக இருந்தது. ஏனென்றால் அவருக்கு அந்தப் பிள்ளைகளின் வீடு தெரியும்.

அதனால் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மிட்டாயும் பொம்மையும் கொடுத்து, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டு, இரண்டு நாளில் கிளம்பிவிடாதீர்கள். அங்கே ஏற்கெனவே இருக்கிற ஆசிரியரிடம் என்ன வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் செய்யுங்கள். அவருக்கு மேலே போய் நிற்காதீர்கள். இந்தப் பணிக்கு விசா ஒரு மாதம்தான் தருகிறது. அவர் வருடம் முழுக்க இருக்கப்போகிறார்.

ஓய்வு நாளில் காரைக்குடி தமிழ்த்தாய் கோயிலுக்குப் போய்வந்தேன். கம்பன் அடிப்பொடி சா. கணேசனின் முயற்சியில் தொடங்கிய கோயில். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் அங்கே போய் நின்றபோது எப்படி இருந்தது என்று எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

இப்போது சுங்கை சிப்புட்டில் நான் வேலை பார்த்த பள்ளியின் ஐந்தாம் ஆண்டும், செட்டிநாட்டின் அந்த ஐந்தாம் வகுப்பும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள். ஒரு பக்கம் தமிழில், ஒரு பக்கம் ஆங்கிலத்தில். கல் செய்யும் முறையைப் படத்தோடு அனுப்பியிருந்தார்கள் காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகள். எங்கள் பிள்ளைகள் அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். பதிலுக்குச் செட்டிநாட்டுப் பிள்ளைகள் கேட்டிருப்பது, ரப்பர் மரத்திலிருந்து பால் எடுப்பது எப்படி என்று. இங்கே இருக்கிற பிள்ளைகளில் ஒருவருக்கும் அது தெரியாது. தோட்டங்கள் பலவும் செம்பனைக்கும் (எண்ணெய்ப்பனை) வீடமைப்புக்கும் மாறிவிட்டன. கேள்விகளை நோட்டில் எழுதிக்கொண்டு, இந்த வாரம் தாத்தா பாட்டிகளைத் தேடிப் போகிறார்கள். கத்தியை எந்தச் சாய்வில் பிடிப்பது, எத்தனை மணிக்கு வெட்டத் தொடங்குவது, மழை பெய்தால் என்ன செய்வது. பதில்கள் வந்ததும் ஆச்சிக்கும் ஒரு படி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.