வேகமாக வளர்வதும் நெடுநாள் நிற்பதும்

மன்னார்குடிக்காரி நான். பாமணியாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்ற கேள்வியோடுதான் எங்கள் வீட்டில் ஆடி மாதம் பிறக்கும். மேட்டூர் ஜூன் 12இல் திறந்தால் குறுவை உண்டு. தாமதமானால் சம்பாவோடு சரி. வயலுக்குப் பாய்ந்து வடிந்த தண்ணீர் அதற்குப் பிறகு எங்கே போகிறது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பாமணியாறும் கோரையாறும் முத்துப்பேட்டைக்குத் தெற்கே, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டில் கலந்து கடலுக்குப் போகின்றன என்பது எனக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

2017இல் ஓர் ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தேன். அந்தக் காட்டில் எவ்வளவு கரிமம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போனால் ஐம்பது ஆண்டு கழித்து அது எவ்வளவாக இருக்கும் என்று கணினி மாதிரி அமைத்துச் சொல்ல வேண்டும். ஜாம்புவானோடையில் படகேறி, ஓடையோரமாக இறங்கி, வெண்கண்டல் மரங்களை மார்பளவு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், நாடா சுற்றி அளந்தோம். அளந்த மரத்தில் எண் பொறித்த அலுமினியத் தகடு. மரத்தை வெட்டாமல் எடை போட அலையாத்தி ஆய்வாளர்கள் பயன்படுத்தும் பொதுச் சமன்பாடு ஒன்று உண்டு. விட்டம் 10 செ.மீ., மரத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.65 கிராம் என்று வைத்துக்கொண்டால் நிலத்துக்கு மேலுள்ள உலர் எடை ஏறக்குறைய 47 கிலோ வரும். அதில் கரிமம் 22 கிலோ. காற்றிலிருந்து அந்த ஒரு மரம் இழுத்துக்கொண்ட கரியமில வாயுவாகச் சொன்னால் 81 கிலோ. கையால் கட்டிப்பிடிக்கக்கூடிய ஒரு மரத்தில் இவ்வளவா என்று முதல் நாள் வியந்து நின்றது நினைவிருக்கிறது.

மாதிரியின் இதயம் இலைதான். 1980இல் ஃபார்குவாரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய ஒளிச்சேர்க்கைச் சமன்பாடுகளைத்தான் இன்றும் பெரும்பாலான மாதிரிகள் நம்பியிருக்கின்றன. கரியமில வாயு கூடினால் இலை கூடுதலாகச் சர்க்கரை சமைக்கும். இலைத்துளைகளைக் குறைவாகத் திறந்தாலே போதும் என்பதால் தண்ணீரும் மிச்சமாகும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்காக இருந்த வாயு, 2013இல் ஹவாயின் மௌனா லோவாவில் முதன்முறையாக 400ஐத் தொட்டது. இந்த ஏற்றத்தை மாதிரிக்குள் கொடுத்தேன். முத்துப்பேட்டைக் காட்டின் கரிமம் 2070 வரை வழுவழுப்பான கோடாக ஏறியது. காடு நம்மைக் காப்பாற்றிவிடும் என்று அந்தக் கோட்டைப் பார்த்து மனதார நம்பினேன்.

எங்களைப் படகில் ஏற்றிச் செல்லும் அண்ணன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, நாங்கள் அளந்த இடங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். “எல்லாமே ஓடைக்கரை, தங்கச்சி. உள்ளே போய்ப் பார்க்கவில்லையே?” என்றார்.

உள்ளே போனோம். கரையில் தலைக்கு மேல் நின்ற அதே வெண்கண்டல், நூறு மீட்டர் தாண்டியதும் இடுப்பளவில் குறுகி நின்றது. மே மாதம். ஓர் இலையைப் பறித்துத் திருப்பினேன். வெயிலில் பொடிப்பொடியாக மின்னியது. நாக்கில் வைத்துப் பார்த்தேன், நல்ல உப்பு. வேரில் ஏறிய உப்பை இந்த மரம் இலைச் சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளுகிறது. அதற்கும் சக்தி செலவாகிறது. மேலே சாப்பாடு எவ்வளவு கிடைத்தால் என்ன, கீழே தாகம் தீரவில்லை. 1990களில் ஆஸ்திரேலியாவில் இரண்டு அலையாத்தி இன நாற்றுகளைக் கரியமில வாயு கூட்டி வளர்த்துப் பார்த்தவர்களும் இதையே கண்டிருக்கிறார்கள்: உவர்ப்பு வளர்ச்சியை மடக்கிய இடத்தில் கூடுதல் வாயுவால் பெரிய பலன் இல்லை.

மற்ற காடுகளிலும் கதை இப்படித்தான். அமெரிக்காவின் டென்னசியில் மரங்களைச் சுற்றிக் குழாய் நட்டு ஆண்டுக்கணக்கில் வாயுவை வீசியபோது தொடக்கத்தில் 24 விழுக்காடு கூடிய விளைச்சல், மண்ணில் நைட்ரஜன் போதாமல் 2008இல் 9 விழுக்காடாக இறங்கியது. சிட்னிக்கு மேற்கே முதிர்ந்த யூகலிப்டஸ் காட்டில் இலைகள் 12 விழுக்காடு அதிகம் உறிஞ்சின. ஆனால் அது மரமாகச் சேரவில்லை, சுவாசமாகக் காற்றுக்கே திரும்பிவிட்டது.

இதையெல்லாம் சேர்த்து மாதிரியைத் திருத்திக்கொண்டிருந்தபோதுதான் 2018 நவம்பர் 16 விடிவதற்கு முன் கஜா புயல் கரையேறியது. எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம்கூட நிமிர்ந்து நிற்கவில்லை. பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் தரையோடு படுத்துவிட்டன. சில வாரம் கழித்துத்தான் படகு கிடைத்தது. இலையே இல்லாத காடு. பல மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. சேற்றில் கையை விட்டுத் துழாவி எடுத்த தகட்டில் 114 என்று இருந்தது. நான் ஆணியடித்த மரம். படகில் உட்கார்ந்து அழுதேன். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு மரம் சாகும் என்று மாதிரியில் எழுதி வைத்திருந்தேன். அப்படியானால் ஒரு மரத்தின் சராசரி ஆயுள் ஐம்பது ஆண்டு. புயலும் உப்பும் சேர்ந்து அந்த இரண்டை நான்காக்கினால் இருபத்தைந்து ஆண்டு. இப்போது வளர்ச்சி 23 விழுக்காடு கூடுகிறது என்றே வைத்துக்கொள்வோம், தாராளமான கணக்குதான். ஆனாலும் இருப்பு நூறிலிருந்து அறுபத்தொன்று, அறுபத்திரண்டுக்கு இறங்கிவிடும். காடு எவ்வளவு வேகமாகக் கரிமத்தை வாங்குகிறது என்று இரண்டு ஆண்டு பார்த்தேன். எவ்வளவு நாள் வைத்திருக்கிறது என்று பார்க்கவே இல்லை. மரம் சாவதை ஒரே ஒரு மாறாத எண்ணாக எழுதியது தவறு என்று அறிக்கையில் வெளிப்படையாகச் சேர்த்தேன்.

மரம் போன இடத்திலும் சேறு இருந்தது. ஒரு மீட்டர் நீள அரைக்குழாயை அழுத்தித் திருகி இழுத்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு கரிய களி வரும். எழுபதாவது சென்டிமீட்டரில் நூல்நூலாக வேர்கள், இன்னும் மட்காமல். ஆக்சிஜன் எட்டாத அந்த ஈரத்தில் எதுவும் எளிதில் மட்காது. அலையாத்திக் காடுகளில் கரிமத்தின் பெரும்பங்கு இப்படிச் சேற்றில்தான் இருக்கிறது. இறால் குட்டைக்காக அதை வெட்டிக் காயப்போட்டால் காலங்காலமாகச் சேர்ந்தது சில ஆண்டுகளில் காற்றுக்குப் போய்விடும். வெள்ளைக்காரர் காலத்தில் மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் அமிழ்ந்து, ஓதநீர், அதாவது கடல் ஏறும்போது உள்ளே வரும் நீர், தேங்கிக் காய்ந்து, உப்பேறி மொட்டையாகக் கிடந்தது. மீன்முள் போலக் கிளைபிரியும் வாய்க்கால் வெட்டி, ஓதம் வந்து போக வழி செய்த பிறகே அங்கே கன்று பிடித்தது.

திருத்திய மாதிரியில் கரியமில வாயு ஓர் உள்ளீடு. கோரையாற்றிலும் பாமணியாற்றிலும் ஆண்டில் எத்தனை நாள் நன்னீர் இறங்குகிறது என்பது இன்னொன்று. புதிய கோடு வழுவழுப்பாக இல்லை. காவிரி பொய்த்த ஆண்டுகளில் பள்ளம் விழுகிறது.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. போன மே மாதம் 114 நின்ற இடத்துக் குழிநீரில் 46 காட்டியது. வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் பெருகிய பிறகு அதே குழியில் உப்புமானியை வைத்தேன்: 12. அண்ணன் எண்ணைக் கேட்டுக்கொண்டார். பிறகு குழிக்கு அருகே குனிந்து, மூச்சுவேர்களுக்கு நடுவே இரண்டிலை விட்டிருந்த கன்றுகளை எண்ணத் தொடங்கினார்.